தொட்டபெட்டாவும் நம் குறிஞ்சியும்

தமிழ்க் கவிதைக்கு மலை பழக்கப்பட்ட விஷயம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருப்பதாகத் தெரியவில்லை. திணைகளை எண்ணச் சொன்னால் பள்ளிக்கூடப் பையன்கூடக் குறிஞ்சியில்தான் ஆரம்பிப்பான். மலையைப் பார்ப்பதற்கு நமக்கு ஈராயிரம் வருஷப் பயிற்சி இருக்கிறது என்று மேடைகளில் சொல்லிக்கொள்கிறோம். எந்த மலை, எவ்வளவு உயரத்து மலை என்ற கேள்வியை நாம் கேட்டுக்கொள்வதில்லை. சங்கப் பாட்டின் மலைச் சாமான்களைப் பட்டியலாக எழுதி, பக்கத்தில் ஒவ்வொன்றும் எந்த உயரம் வரை பிழைத்துக் கிடக்கும் என்று குறித்துக்கொண்டு போனால் ஒரு சுவாரஸ்யமான உண்மை தெரியவரும். மிருகங்களை விட்டுவிடலாம், அவை நடக்கும். நின்ற இடத்தில் நிற்கிற மரம் செடிகளைப் பார்ப்போம். வேங்கை, பலா, சந்தனம், மிளகுக்கொடி, யானை ஒடிக்கும் பெருமூங்கில் - இவை பெரும்பாலும் 1500 மீட்டருக்குள் முடிந்துவிடுகிறவை. நம் கவிதையின் மலை ஓர் அடிவார மலை. அருவி வந்து விழுகிற இடம் அது. அருவி புறப்படுகிற இடம் இல்லை.

இதை ஏட்டில் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறினால் போதும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர். ஊட்டி 2200 மீட்டருக்குச் சற்று மேல். 46 கிலோமீட்டர்ப் பாதை. இதில் கல்லாறு தாண்டியதும் 12 அடிக்கு ஓர் அடி என்று ஏறுகிற பல்சக்கரப் பகுதி. பாதை 1899ல் குன்னூர் வரைக்கும் 1908ல் ஊட்டி வரைக்கும் போடப்பட்டது. கல்லாறிலும், சாலைப்பக்கம் பர்லியாறிலும் பாக்கும் பலாவும் நிற்கின்றன. அங்கே வரை கபிலர் நம்மோடு வருகிறார் என்று சொல்லலாம். குன்னூர் தாண்டினால் பலா நின்றுபோகிறது. காற்றில் ஒரு கத்தி வருகிறது. 1000 மீட்டர் ஏறினால் ஆறு ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. கீழே வியர்த்த சட்டையோடு ஏறினவன் மேலே பன்னிரண்டு டிகிரி குறைந்த ஊரில் இறங்குகிறான். அந்தப் பன்னிரண்டு டிகிரிக்கு நம் பாட்டில் சொல் மிகக் குறைவு.

விதிவிலக்குகளைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. திணைக்கே பெயர் கொடுத்த பூ, 12 வருஷத்துக்கு ஒரு முறை பூக்கிற அந்த நீலக் குறிஞ்சி, உயரத்துப் புல்வெளிச் சரிவுகளில் வளர்வது. வருடை என்று பாட்டில் வருகிற வரையாடு உச்சிப் பாறைகளில் திரிவது. ஆக மேலே ஒரு மலை இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. குறுந்தொகையில் குறிஞ்சி தேனாக வருவதை யோசித்துப் பார்க்கிறேன். தேன் இறங்கி வரக்கூடிய பொருள். மேல்மலை, அடிவாரத்துக்குத் தேனாகவும் அருவியாகவும் மேகமாகவும் இறங்கி வந்திருக்கிறது; கவிஞன் அதை நின்ற இடத்திலிருந்து வாங்கிக்கொண்டிருக்கிறான். இது குறையென்று நான் சொல்லவில்லை. தான் நின்ற இடத்தை அவ்வளவு துல்லியமாக அவன் சொன்னதால்தான், அவன் நிற்காத இடம் எது என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறது. பின்னால் வந்தவர்கள் எந்த இடத்திலும் நிற்காமலே மலை எழுதினார்கள்.

என் போன்ற பி.ஏ. ஆங்கிலக்காரர்களுக்கு இன்னொரு மலை வகுப்பில் கொடுக்கப்பட்டது. வேர்ட்ஸ்வொர்த் 1790ல் ஆல்ப்ஸைக் கால்நடையாகக் கடந்தார். கடந்துவிட்டோம் என்பதே கடந்த பிறகு ஒரு விவசாயி சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. அவருடைய நீண்ட சுயசரிதைக் கவிதையின் கடைசிப் பகுதியில் வேல்ஸிலுள்ள ஸ்னோடன் மலையை இரவில் ஏறுகிறார். மேகத்துக்கு மேலே வந்து நிலவைப் பார்க்கிறார். கிராமத்துக் கல்லூரியில், மின்விசிறி ஓடாத வகுப்பில், மேமாத வெயிலில் இதைப் படித்துப் பரீட்சை எழுதியவர்களுக்கு மலை என்றாலே ஆத்மாவுக்கு ஏதோ நடக்கிற இடம் என்ற எண்ணம் தங்கிவிட்டது. எனக்கும் தங்கியிருந்தது. வங்கியில் மாற்றலாகி மூன்று வருஷம் ஊட்டியில் இருக்க நேர்ந்தபோது இந்த எண்ணத்தையும் ஒரு கம்பளிச் சட்டையையும்தான் கொண்டுபோனேன். கம்பளிச் சட்டை அதிக உபயோகமாக இருந்தது.

ஊட்டியிலும் ஒரு ஸ்னோடன் உண்டு. ஊரைச் சுற்றி நிற்கும் குன்றுகளில் கிழக்கே பெரியது தொட்டபெட்டா, 2637 மீட்டர். அதையொட்டி ஸ்னோடன், பிறகு எல்க் ஹில், கெய்ர்ன் ஹில். வேல்ஸ் ஸ்னோடன் 1085 மீட்டர். பெயரைக் கடன் வாங்கிய ஊட்டிக் குன்று, கொடுத்த மலையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் உயரம். இதில் வேடிக்கை என்னவென்றால், 2022ல் அந்தத் தேசியப் பூங்கா நிர்வாகம் ஸ்னோடன் என்ற இங்கிலீஷ் பெயரை விட்டுவிட்டு, வேல்ஸ் மொழியிலுள்ள எர் விட்வா என்ற பழைய பெயரையே வழங்குவதென்று முடிவு செய்தது. அசல் தன் பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது. நகல் இன்னும் ஊட்டியில் ஸ்னோடனாகவே இருக்கிறது, ஆட்டோக்காரர்கள் வாயில்.

1819ல் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே ஏறியதையும், 1820களில் ஊட்டியில் வீடு கட்டி, ஓடையை மறித்து ஏரி வெட்டியதையும் எல்லாப் பயண நூலும் சொல்லும். அதற்கு எழுநூறு வருஷத்துக்கு முன், 1117ல் ஒரு ஹொய்சளக் கல்வெட்டு, விஷ்ணுவர்த்தனனின் தளபதி நீலமலையைப் பிடித்ததையும் தோடரை அச்சுறுத்தியதையும் சொல்கிறது. கண்டுபிடிக்கப்பட்ட இடம் என்பது ஏற்கெனவே ஆட்கள் இருந்த இடம் என்ற பழைய கதைதான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1877ல் இங்கே வந்த வைஸ்ராய் லிட்டன், மனைவிக்கு எழுதிய கடிதத்தில் ஊட்டியின் மழையையும் சேற்றையும் இங்கிலீஷ் மழை, இங்கிலீஷ் சேறு என்று உருகிப் பாராட்டினார். சேற்றில்கூடச் சொந்த ஊரைப் பார்த்தவர் அவர். அவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். அவருக்கு மலையைப் பார்க்க ஒரு சொந்த ஊராவது இருந்தது. அடிவாரத்துக் குறிஞ்சியையும் அயல்நாட்டு ஸ்னோடனையும் இரண்டு கண்ணிலும் மாட்டிக்கொண்டு மேலே போகிற நமக்கு என்ன தெரியும் என்பதுதான் கேள்வி.

முதலில் தெரியவேண்டியது, தொட்டபெட்டா ஒரு சிகரம் என்பதைவிட ஒரு சுவர் என்பது. வடக்குத் தெற்காக ஓடும் ஒரு முதுகெலும்பின் உயர்ந்த கணு அது. நீலகிரி மேட்டுநிலத்தை அந்த முதுகு இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே ஊட்டி, அதற்கும் அப்பால் அவலாஞ்சி, நடுவட்டம், கூடலூர். கிழக்கே கேத்தி, குன்னூர், கோத்தகிரி. தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கத்தை நனைக்கும்போது கோத்தகிரிக்காரன் தூறலோடு திருப்திப்பட வேண்டும். வடகிழக்குப் பருவமழை அவனுக்கானது. ஒரே ஜில்லாவில், பஸ்ஸில் ஒரு மணி தூரத்தில், இரண்டு மழைக்காலம். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டரைத் தாண்டி மழை பெய்தது. சரிவுகள் இடிந்து ஜில்லாவில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டரைத் தாண்டியது. சுவரின் இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை. மாதம் வேறு, காற்று வேறு. சென்னையில் வருஷம் முழுக்கப் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் ஒரு நாளில். மலையைக் கருணையின் உருவமாக எழுதுகிறவர்கள் இந்த இரண்டு மாதங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதலாம்.

இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் தெரிந்ததல்ல, கவுண்ட்டரில் தெரிந்தது. மலையூர் வங்கிக் கிளையில் சீதோஷ்ணம் என்பது லெட்ஜரில் ஏறுகிற விஷயம். ஜனவரி கடைசியில் நகைக்கடன் கூடும். எதற்கென்று கேட்டால் பனி என்பார்கள். ஒரு படகப் பெரியவர், வெள்ளைத் துண்டைப் போர்த்திக்கொண்டு வருவார். நான் அவரை ஐயா என்பேன், அவர் என்னைச் சார் என்பார். தம்பி என்று கூப்பிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். வங்கிக்குள்ளே சார்தான் என்றார். அவருக்குப் பள்ளத்தில் கொஞ்சம் தேயிலை. அண்ணனுக்கு மேட்டில். பாகம் பிரித்தபோது தண்ணீருக்குப் பக்கம் என்று இவர் பள்ளத்தைக் கேட்டு வாங்கினாராம்.

“பனி மேலேயிருந்து விழுதுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க சார். அது விழறதில்லை. ராத்திரி மெதுவா எறங்கி வந்து பள்ளத்துல உக்காந்துக்கும். மேட்டுல இருக்கறவன் தப்பிச்சுக்குவான்.”

இதைவிடச் சரியாக எந்தப் பௌதிக நூலும் சொல்லிவிட முடியாது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது; தரையைத் தொட்ட காற்று குளிர்ந்து, கனத்து, நீரைப்போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால் தொட்டபெட்டாவின் உச்சியைவிடக் கீழே தலைக்குந்தா, காந்தல் பக்கத்துப் பள்ளங்களில்தான் காலையில் புல் வெளுத்துக் கிடக்கும். உயர்ந்த இடம் குளிர்ந்த இடம் என்ற நம் சாதாரண அறிவு அந்த ஒரு ராத்திரிக்குத் தலைகீழாகிவிடுகிறது. வெயில் வந்ததும் உறைந்த இலை கருகுகிறது. காய்கறி போட்டவர்கள் விடியற்காலையில் எழுந்து, வெயில் தொடுவதற்கு முன் தண்ணீர் அடித்துப் பனியைக் கழுவுகிறார்கள். தேயிலைக்காரர்கள் தழை வெட்டிப் போர்த்துகிறார்கள். பெரியவர் அந்த வருஷமும் நகையைத் திருப்ப முடியாமல் வட்டியை மட்டும் கட்டி மறுபடியும் வைத்துவிட்டுப் போனார். இரண்டு வளையல், ஒரு சங்கிலி. எடை எனக்கு மனப்பாடம், எழுதத் தேவையில்லை.

இலக்கணம் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாக வைத்திருக்கிறது. முன்பனி, பின்பனி என்பது காலத்தைக் கொண்டு செய்த பாகுபாடு. ஊட்டி மார்க்கெட்டில் இரண்டு வேறு சொற்கள் வழங்குகின்றன: நீர்ப்பனி, உறைபனி. முதலில் நீர்ப்பனி வரும், அது கெடுதல் செய்யாது. பிறகு உறைபனி, அது கருக்கும். இது நீரின் நிலையைக் கொண்டு செய்த பாகுபாடு. சேதம் பார்த்துச் சொன்ன சொல். இந்த இரண்டு சொற்களும் தமிழே; யாரும் கலைச்சொல் அகராதிக்காக உண்டாக்கியவை அல்ல. மேல்மலைக்குச் சொல் இல்லை என்று மேலே சொன்னேன், பாட்டில்தான் இல்லை. தராசுத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மட்டம் என்பது இன்னொரு சொல். மேல்மலையின் புல்வெளிக்கு அங்கே வழங்கும் பெயர். மடிப்புகளில், நீர் கசிகிற இடங்களில் குட்டையான அடர்ந்த மரக்கூட்டம், அது சோலை. சோலைக்கு வெளியே திடீரென்று காடு நின்று புல் ஆரம்பித்துவிடும். இடைப்பட்ட புதர்க்காடு பெரும்பாலும் இராது. புல்லில் தனியாகக் காட்டுப்பூவரசு நிற்கும், சிவப்பாகப் பூத்து. சோலை மரக்கன்றுகள் உறைபனி தாங்காமல் திறந்தவெளியில் மடிவதால்தான் புல் புல்லாகவே இருக்கிறதென்பது ஒரு விளக்கம். மேய்ச்சலும் நெருப்பும் சேர்ந்து காரணம் என்பவர்களும் உண்டு. மழையைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற வேலையைச் சோலையும் புல்லும் சேர்ந்து செய்கின்றன. கீழே பவானியில் கோடையில் ஓடுகிற தண்ணீரில் இந்தப் புல்லின் பங்கு உண்டு.

இந்தப் புல்லை வெள்ளைக்காரன் வெற்று நிலம் என்று எழுதினான். மரம் இல்லாததால் அது காடு இல்லை, பயிர் இல்லாததால் அது வயல் இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து விறகுக்காகத் தைலமரமும், சீகை என்று இங்கே சொல்லப்படும் வாட்டிலும் வந்தன. கொய்னாவுக்காக 1860களில் மக்ஐவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனா வைத்தார். சுதந்திரத்துக்குப் பிறகும் நட்டோம், இன்னும் வேகமாக. 1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர்களுக்கு வேலை கொடுக்க 1968லிருந்து அரசாங்கமே தேயிலை போட்டது. ஒரு மலைநாட்டில் நான்கு தலைமுறையாகக் கொழுந்து பறித்துவிட்டு, நாடில்லை என்று சொல்லப்பட்டு, இன்னொரு மலையில் வந்து மறுபடியும் கொழுந்து பறித்த ஜனங்கள் அவர்கள். அவர்களுக்கு எதிரே புல்லை நிறுத்திப் பேசுவதற்கு எனக்கு நாக்கு எழாது. ஆனால் புல் போனது போனதுதான். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லமுடியாத எழுத்து மலையைப் பற்றிய எழுத்து ஆகாது.

மிஞ்சின புல்வெளிகளில் ஜனங்களுக்குத் தெரிந்தது கூடலூர் ரோட்டிலுள்ள ஷூட்டிங் மட்டம். வென்லாக் டவுன்ஸ் என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்து, நாய்க்கூட்டமும் குதிரையுமாக நரி விரட்டிய புல்வெளி அந்தப் பக்கத்தது. பிறகு சினிமாக்காரர்கள் வந்தார்கள். கதாநாயகி ஓடிய சரிவு என்பதற்காகத்தான் இன்று ஜனங்கள் அங்கே இறங்கிப் பார்க்கிறார்கள். ஏரிகளும் அப்படித்தான். ஊட்டி ஏரி சல்லிவன் வெட்டியது; அவலாஞ்சி, எமரால்டு, பைகாரா மின்சாரத்துக்காகத் தேக்கப்பட்டவை. இயற்கைக் காட்சி என்று நாம் படம் பிடித்துக்கொள்வதில் எஞ்சினியரும் காமிராக்காரரும் செய்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது விமர்சனத்தின் வேலைகளில் ஒன்று. கவிதையில் எவ்வளவு கவிஞன், எவ்வளவு மரபு என்று பார்க்கிறோமே, அதுபோல.

இந்த மலையை நேராகப் பார்த்தவர்கள் யார் என்று தேடினால் எனக்கு மூன்று பேர் கிடைக்கிறார்கள். முதலாவது, 1847-48ல் தொட்டபெட்டா உச்சியில் ஒரு வானிலைப் பங்களாவில் உட்கார்ந்து, காற்றின் அழுத்தம், வெப்பம், ஈரம், மழை என்று குறித்துவைத்தவர்கள். சென்னை வானாய்வகத்து டெய்லரின் மேற்பார்வையில் நடந்த வேலை அது. இரவும் பகலும் கருவியைப் பார்த்து எண்ணை எழுதுவது. லெட்ஜர் எழுதிப் பழகினவன் என்பதால் இந்த வேலையின்மேல் எனக்கு மரியாதை உண்டு. உருகாமல், உவமை தேடாமல், கண்டதை அன்றன்றைக்குக் கட்டத்தில் எழுதுவது ஒரு ஒழுக்கம்.

இரண்டாவது தோடர்கள். எமனோ என்ற மொழியியலாளர் 1935லிருந்து சில வருஷங்கள் நீலகிரியில் தங்கி அவர்கள் பாட்டுகளைக் கேட்டு எழுதினார். பெரிய புத்தகமாக 1971ல் ஆக்ஸ்போர்டில் வந்தது. ஒரு நண்பர் சில பகுதிகளைப் பிரதியெடுத்துத் தந்தார். அந்தப் பாட்டின் அமைப்பு விசேஷமானது. ஒரு தொடர் சொன்னால் அதற்கு இணையான இன்னொரு தொடர் வந்தே ஆகவேண்டும். எதற்கு எது ஜோடி என்பது மரபில் தீர்மானமாகியிருக்கிறது. எருமைகள், கோயில்பால்மனைகள், மந்துகள், குன்றுகள் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பெயர், ஒவ்வொரு பெயருக்கும் அதன் இணை. குன்று என்று பொதுவாகச் சொல்லி அங்கே பாடமுடியாது; எந்தக் குன்று என்று சொல்லவேண்டும். நாம் படிமம், இருண்மை என்று பேசிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து மலையில் ஒரு சிறு ஜனக்கூட்டம், எண்ணிக்கையில் ஓராயிரம் ஈராயிரத்துக்குள், இத்தனை கட்டுப்பாடான ஒரு கவிதை முறையை எழுத்தில்லாமல் வைத்திருந்தது. நம் இலக்கிய சரித்திரங்கள் எதிலும் அதற்கு அரைப்பக்கம் ஒதுக்கப்பட்டதாக நான் பார்க்கவில்லை.

மூன்றாவது, அறுபதுகளில் வந்த ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’. சிறுபத்திரிகை வட்டாரத்தில் அந்த நாவலைப் பற்றி அதிகம் பேசமாட்டோம். நடையில் பெருவாரிப் பத்திரிகையின் சாயல் உண்டு என்பதும் சரி. ஆனால் படகர் ஊர்களில் தலைமுறை மாறுவதை, பூ பூக்கும் 12 வருஷக் கணக்கை வைத்து அளக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மலையிடமிருந்தே அளவுகோலை வாங்கிக்கொள்வது சாதாரண விஷயமில்லை. நம்மில் கெட்டிக்காரர்கள் பலருக்கு அது தோன்றவில்லை.

இனி வேடிக்கை பார்க்க வருகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை தொட்டபெட்டா உச்சிக்குப் போனால் நவீன மனம் முதலில் முகம் சுளிக்கும். உச்சி வரை ரோடு. வேன்கள், வேர்க்கடலை, மாங்காய்ப் பத்தை, மிளகாய் பஜ்ஜி. புடவைக்குமேல் ஆண்பிள்ளை ஸ்வெட்டர் போட்ட அம்மாக்கள், குரங்குக் குல்லாய்க்குள் குழந்தைகள். தொலைநோக்கி மாடத்தில் வரிசையில் நின்று, தம் முறை வந்ததும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்கள். எதைப் பார்க்கிறார்கள்? கீழே இருக்கிற ஊர்களை. காலையில் புறப்பட்டு வந்த அதே சமவெளியை. பாதி நாள் அதுவும் தெரியாது, மூடுபனி. ஒன்றும் தெரியவில்லை என்று சிரித்துக்கொண்டே இறங்குவார்கள்.

இவர்களைப் பரிகசித்து எழுதுவது நம் பக்கங்களில் வழக்கம். ரசனை கெட்ட கும்பல், இயற்கையின் மௌனத்தைக் கெடுப்பவர்கள், இப்படி. எனக்கு அந்தப் பரிகாசத்தில் பங்கில்லை. மலைமேல் தனிமை வேண்டும் என்பது நல்ல ஆசைதான். ஆனால் அந்தத் தனிமை சரித்திரத்தில் யாருக்குக் கிடைத்தது என்று பார்க்கவேண்டும். பங்களாவும் க்ளப்பும் குதிரையும் இருந்தவனுக்குக் கிடைத்தது. அவன் சாமானைத் தூக்கிக்கொண்டு ஏறினவனுக்குக் கிடைக்கவில்லை. வருஷத்தில் பத்து மாதம் வெந்துகொண்டிருக்கும் ஓர் ஊரிலிருந்து, சீட்டுப் பணம் சேர்த்து வேன் பிடித்து, பிள்ளைகளுக்கு ஒரு தடவை குளிரைக் காட்டிவிட வேண்டும் என்று வருகிறவளிடம் போய் மௌனத்தைப் பற்றிப் பேசுவதில் ஓர் ஆபாசம் இருக்கிறது. மூடுபனிக்குள் கையை நீட்டி, தன் கையே தெரியாததைப் பார்த்துக் கத்துகிற பையனுக்கு நிகழ்வதும் அனுபவம்தான். அதற்கும் ஸ்னோடன் நிலவுக்கும் வித்தியாசம் தரத்தில் இருக்கலாம், வகையில் இல்லை.

அதற்காக வருகிற ஜனம் எல்லாவற்றையும் மலை தாங்கிக்கொள்ளும் என்றும் சொல்லமுடியாது. உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7லிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6000 வண்டி, சனி ஞாயிறில் 8000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள். கடைக்காரர்கள் கடையை அடைத்து ஆட்சேபித்தார்கள். அவர்களுக்கும் வயிறு இருக்கிறது. எண்ணை வைத்து வாசலை அடைப்பது தேவையாக இருக்கலாம். ஆனால் உள்ளே விட்ட 6000 வண்டிகளும் என்ன பார்த்துவிட்டுப் போகின்றன என்பது எண்ணால் தீர்கிற பிரச்னை அல்ல.

மலையைத் தெரியாமல் இருப்பது ரசனைக் குறைவு என்ற அளவில் நிற்பதும் இல்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி ஜில்லா குரங்கணி மலையில் நடைப்பயணம் போன கூட்டம் காட்டுத்தீயில் சிக்கியது. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள். இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் சின்ன வயசுப் பெண்கள், ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள், சனி ஞாயிறு லீவில் வந்தவர்கள். மார்ச்சில் மலைப்புல் காய்ந்து வைக்கோலாக நிற்கும். தீ சரிவில் மேல்நோக்கி, ஆள் ஓடுவதைவிட வேகமாக ஏறும். மலையடிவாரத்து மாடு மேய்ப்பவன் அறிந்தது இது. படத்தில் அந்தப் புல் பொன் நிறத்தில் அழகாக இருக்கும். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? மலை அழகு என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாம். கவிதையும் சினிமாவும் காலண்டரும் சொன்னது அது. மார்ச் மாதத்துப் புல் எப்படிப்பட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. அழகைச் சொல்கிற மொழியும் ஆபத்தைச் சொல்கிற மொழியும் தனித்தனியாகப் பிரிந்துபோய், ஒன்று பாடப்புத்தகத்துக்கும் மற்றது மாட்டுக்காரனிடமும் தங்கிவிட்டன.

2024ல் வனத்துறை 40 பாதைகளைக் குறித்து, காட்டையொட்டி வாழும் ஜனங்களிலிருந்தே வழிகாட்டிகளைப் பயிற்றுவித்து, கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களைக் கூட்டிப்போகும் ஏற்பாட்டை ஆரம்பித்தது. இதில் எனக்குப் பிடித்தது ஒன்றே. முன்னால் நடக்கிறவனுக்கு அந்தப் புல்லின் பெயர் தெரிந்திருக்கும். பின்னால் வருகிறவன் கேட்டால் சொல்லுவான். கேட்பானா என்பது வேறு.

மேல்மலை பற்றித் தமிழில் ஒரு கவிதை வரவேண்டும் என்றால் அது எங்கிருந்து வரும் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன். திணையைப் புதுப்பிக்கிறேன் என்று கிளம்புகிறவர்களிடமிருந்து வராது. அவர்கள் வேங்கையை 2600 மீட்டரில் நட்டுவிடுவார்கள். உறைபனியையும் நகைக்கடனையும், சோலையையும் சீகையையும், இரண்டு மழையையும் ஒரு சுவரையும், கொழுந்து பறித்த கையையும் தொலைநோக்கியில் கீழே ஊர் தேடுகிற கண்ணையும் ஒன்றாக வைத்துக்கொண்டு தடுமாறுகிறவனிடமிருந்து வரலாம். தோடர் பாட்டைப்போல ஒவ்வொன்றுக்கும் அதன் இணை தெரிந்தவனிடமிருந்து வரலாம். அவன் அனேகமாகத் தமிழை இரண்டாவது மொழியாகப் பேசுகிறவனாக இருப்பான். அவன் எழுதியனுப்பும்போது, இதில் குறிஞ்சி எங்கே என்று நம் பத்திரிகைகள் கேட்காமல் இருக்கவேண்டும்.